கணக்கில் வராத ரப்பர்

எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழலும் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால், மோட்டார் சைக்கிளில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் மூன்று லட்சம் முறை உதறல் வாங்குகிறது. ராயபுரத்தில் கிளம்பி, காசிமேட்டைத் தாண்டி, கடலோரமாகவே எண்ணூர் விரைவுச் சாலையில் போய், திருவொற்றியூரும் எர்ணாவூரும் கடந்து எண்ணூரில் வேலைக்கு இறங்கி, மாலையில் அதே வழியில் திரும்புகிறவருக்கு இது ஏறக்குறைய ஒரு நாள் கணக்கு. பள்ளமும் மேடும் இதில் சேர்த்தி இல்லை. எஞ்சின் உதறல் மட்டும்தான். இப்படி ஒரு மழைக்காலம் ஓடி முடித்த வண்டிகளை ஏதாவது ஓர் ஆலை வாசலில் வரிசையாகப் பார்த்தால் தெரியும்: ஒன்றில் ஒரு பக்கத்து சைடு கவர் இல்லை, இன்னொன்றில் வைசர் கட்டுக்கம்பியில் தொங்குகிறது, மற்றொன்றில் முன் மட்கார்டு கோணிக்கொண்டு நிற்கிறது. ஓட்டுகிறவரின் அலட்சியம் என்பார் போலீஸ்காரர். மெக்கானிக்கின் அவசரம் என்பார் ஓட்டுகிறவர். லோக்கல் பார்ட் போட்டால் இப்படித்தான் என்பார்கள் ஷோரூமில். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. இந்தப் பாகங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரப்பர் புஷ், காலர், கிளிப் போன்ற சின்னச் சாமான்களைத் தேய்ந்து தீர்கிற பொருளாக யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. செயின் தேயும், பிரேக் ஷூ தேயும் என்று வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். சைடு கவரின் ரப்பருக்கும் ஆயுள் உண்டு என்பதை வண்டி செய்கிறவரும், பழுது பார்க்கிறவரும், ஓட்டுகிறவரும் ஒப்புக்கொள்ளாத வரை இந்தப் பாகங்கள் கழன்று விழுந்துகொண்டேதான் இருக்கும்.

சைடு கவர் எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சாதாரண 100 சிசி, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் கவரின் உட்பக்கத்தில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். அவை சட்டகத்தில் உள்ள ஓட்டைகளில் செருகிய ரப்பர் வளையங்களுக்குள் அழுந்தி உட்காரும். கூடவே ஒரு ஸ்க்ரூவோ சாவிப் பூட்டோ இருக்கும். ஸ்க்ரூ போகும் இடத்தில் ரப்பருக்கு நடுவே தொப்பி வடிவில் ஒரு சின்ன உலோகக் காலர் உண்டு. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அந்தக் காலர்தான். ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் காலர் போய் இரும்பில் முட்டி நின்றுவிடும். பிளாஸ்டிக் மேல் அழுத்தம் விழாது. கவர் ரப்பரில் மிதந்தபடி உதறலை வாங்கிக்கொள்ளும். காலர் ஒருமுறை தொலைந்துபோனால் ஸ்க்ரூவின் தலை நேராகப் பிளாஸ்டிக்கை அழுத்தும். இறுக்கினால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். விரிசலுக்குப் பயந்து தளர்த்தி விட்டால் ஸ்க்ரூவே கழன்று ஓடிவிடும். பட்டறையில் பேட்டரி பார்க்கவோ ஏர் ஃபில்டர் தட்டவோ கவரைக் கழற்றும்போது காலர் தரையில் விழுந்து உருள்கிறது, கிரீஸ் அப்பிய கழிவுத் துணியோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது. அடுத்த மூன்று மாதத்தில் கவர் போகிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் இரண்டு சம்பவங்களும் வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் நடக்கின்றன.

ஸ்க்ரூ ஏன் தானாகக் கழல்கிறது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ல் வெளியிட்ட ஆய்வு, போல்ட்டின் நீளவாக்கில் வரும் இழுப்பைவிடக் குறுக்குவாக்கில் வரும் அசைவுதான் அதைக் கழற்றுகிறது என்று காட்டியது. இறுக்கிப் பிடித்த இரண்டு பரப்புகள் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மரைகளுக்கு இடையிலான உராய்வு அந்தக் கணம் விட்டுப்போகிறது, போல்ட் ஒரு துளி பின்னால் திரும்புகிறது. அவர் பெயரில் வழங்கும் சோதனையில் நம் பட்டறைகள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஸ்பிரிங் வாஷரும் பெரிதாகப் பயன்படவில்லை. உட்புறம் நைலான் வளையம் வைத்த நட்டு அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. ஆக, ஸ்க்ரூவை எத்தனை பலமாக முறுக்கினோம் என்பது பாதிக் கதைதான். அது பிடித்திருக்கும் பாகம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்பது மீதி. ரப்பர் காய்ந்து சுருங்கினால் முளை ஆடும். முளை ஆடினால் கவர் முழுக்க ஆடும். கவர் ஆடினால் ஸ்க்ரூ திரும்பும். வரிசை ரப்பரிலிருந்து தொடங்குவதால், கவர் கடகடக்கிறது என்று வருகிற வண்டிக்கு ஸ்க்ரூவை மட்டும் ‘டைட்’ வைத்து அனுப்புவது பாதி வேலை.

உதறல் பட்ட இடமெல்லாம் தளரும் என்பதை வடசென்னைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அந்த நாளிலிருந்து ரயில்வே ஒன்றை ஒப்புக்கொண்டே நடந்துவருகிறது: ரயில் ஓடினால் தண்டவாளத்தின் பிடிமானங்கள் தளரும். அதற்காகவே கீமேன் என்று ஒரு பணியாளர் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தனக்கு ஒதுக்கிய தூரத்தைத் தினமும் நடந்து, தளர்ந்ததை அடித்து இறுக்கி, விழுந்ததை எடுத்து மாட்டுகிறார். பிடிமானம் தளர்ந்ததற்காக அங்கே யாரும் யாரையும் அலட்சியக்காரர் என்று திட்டுவதில்லை. தளர்வது இயல்பு, பார்ப்பது வேலை. மோட்டார் சைக்கிளின் உடம்புப் பாகங்கள் விஷயத்தில் நம்மிடம் இல்லாதது இந்த மனப்பாங்குதான். தளர்ந்தால் அதிசயப்படுகிறோம், விழுந்தால் பழி போடுகிறோம்.

ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள்காரர்களிடமும் இந்த மனப்பாங்கு இருந்தது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் எழுந்த ஆலையில் புல்லட் உருவாகத் தொடங்கியது. ஒற்றை சிலிண்டர், 350 சிசி, உதறலைச் சமன்செய்யும் பேலன்சர் தண்டு கிடையாது. அந்த வண்டியின் இரு பக்கமும் இருந்தவை தகட்டில் செய்த பெட்டிகள். ஒன்றில் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருக்கும். உதறுகிற வண்டி, கூடவே கருவியும் என்று வண்டியே உண்மையை ஒப்புக்கொண்டதுபோன்ற ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைப்பவர் எல்லா நட்டையும் ஒரு சுற்று தொட்டுப் பார்ப்பது சடங்கு மாதிரி நடந்தது. 2020-ல் வந்த புதிய 350 சிசி எஞ்சினில் பேலன்சர் தண்டு வந்துவிட்டது. உதறல் வெகுவாகக் குறைந்துவிட்டது. பெரும்பாலான கம்பெனி வண்டிகளில் தகடு போய்ப் பிளாஸ்டிக்கும், போல்ட் போய் அழுத்தி மாட்டும் கிளிப்பும் வந்துவிட்டன. எடை குறைந்தது, துரு குறைந்தது, விலையும் குறைந்தது. நல்லதுதான். ஆனால் கூடவே நட்டைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. தொட்டுப் பார்க்க நட்டே வெளியில் தெரிவதில்லை. கிளிப் உள்ளே ஒளிந்திருக்கிறது. அது எப்போது உடைந்தது என்பது கவர் காற்றில் பறக்கும்போதுதான் தெரியும்.

இது எந்த ஊருக்கும் பொருந்துமே, வடசென்னைக்கு என்ன தனி என்று கேட்கலாம். இந்தக் கடலோரப் பட்டையில் வண்டியின் பிடிமானங்களைத் தின்பவை பல. உப்புக்காற்று முதலில். துத்தநாகப் பூச்சு கொடுத்த ஸ்க்ரூ உள்நாட்டு ஊர்களில் எத்தனையோ வருடம் மினுங்கும். காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் வெகு சீக்கிரம் பழுப்பேறுகிறது. துருப்பிடித்த ஸ்க்ரூ தளராதே, நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். அடுத்த முறை அதைக் கழற்றும்போது தலை வழுக்கும், மெக்கானிக் உளியும் சுத்தியலும் எடுப்பார், கிளிப்போடு சேர்த்து கவரின் காதும் போகும். அடுத்தது தூசி. 2011-ல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்று எண்ணூருக்குப் போனதோடு ராயபுரத்துக்காரர்களின் சன்னல்கள் கொஞ்சம் மூச்சுவிட்டன. தூசி வடக்கே நகர்ந்தது. நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும் ரப்பருக்கும் முளைக்கும் நடுவில் புகுந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். மூன்றாவது, எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியதை மறந்திருக்க மாட்டோம். படகுகளில், வலைகளில், வீட்டுச் சுவர்களில் படிந்த அந்தக் கறுப்பு, தெருவில் நின்ற வண்டிகளிலும்தான் படிந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போனதா என்று எல்லோரும் பார்த்தார்கள். ரப்பர் புஷ்களை மாற்றச் சொன்னவர் யாருமில்லை. எண்ணெயில் ஊறினால் ரப்பரில் பல வகை உப்பி, பிடிப்பை இழந்துவிடும். ரப்பரைப் பற்றி இந்த ஊருக்கே பாடம் எடுக்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை: 1946-ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிப் பிறகு டயருக்குப் போன எம்ஆர்எஃப் பிறந்தது திருவொற்றியூரில்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே கன்டெய்னர் லாரிகள். சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் போகிற டிரெய்லர்கள் சாலையைக் குழியாக்குவது ஒரு பக்கம். அவை பக்கத்தில் கடக்கும்போது எழும் காற்று இன்னொரு பக்கம். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வைசர் மேல் விழும் தள்ளு 80-ல் நான்கு மடங்கு. எதிர்க்காற்றில் போகிற வண்டியை ஒரு டிரெய்லர் கடந்தால் முதலில் தள்ளும், பிறகு உறிஞ்சும். ஏற்கெனவே ஒரு முளை உடைந்த கவருக்கு இந்த உறிஞ்சல் போதும்.

‘போனால் போகிறது, பிளாஸ்டிக்தானே’ என்பதுதான் இதற்கு வரும் முதல் பதில். உயிர் போகிற விஷயமா இது? 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இந்தச் சாவுகளுக்குத் தலைக்கவசம், வேகம், குடி, லாரி என்று பெரிய காரணங்கள் இருக்கின்றன. கழன்ற கவரை அவற்றோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஆனால் கவர் கழலும்போது ஓட்டுகிறவர் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். கடகட சத்தம் கேட்டதும் தலையைக் குனிந்து பார்க்கிறார். முழங்காலால் கவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார். அது போதாமல் இடது கையைக் கீழே விட்டுப் பிடிக்கிறார், கிளட்ச் அனாதையாக நிற்கிறது. கடைசியில் கவர் விழுந்தே விட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, டிரெய்லர்கள் வரும் சாலையில் பின்னால் நடந்துபோய் எடுக்கிறார். ஏனென்றால் புதுக் கவர் வாங்குவது அரை நாள் கூலி, சில வண்டிகளுக்கு அதற்கும் மேல். விழுந்த கவரால் வரும் ஆபத்தில் பெரும்பங்கு இந்த நடையில்தான் இருக்கிறது. பின்னால் வரும் இன்னொரு மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் அது சிக்குவதை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. முன் மட்கார்டின் போல்ட்டுகள் கழன்றால் கதையே வேறு: அது சாய்ந்து டயரில் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது.

சில பாகங்கள் சட்டப்படியே பாதுகாப்புச் சாதனங்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் ஆள் உட்காரும் வண்டிக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் வேண்டும் என்பதோடு, உட்கார்ந்திருப்பவரின் துணி சக்கரத்தில் மாட்டாமலிருக்கப் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்று சொல்வது இதைத்தான். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றி விழுந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்பது வீட்டுக்கு வீடு தெரியும். ஸ்டைலுக்காகக் கழற்றி எறிபவர்கள் ஒரு பக்கம். ஒரு போல்ட் துருப்பிடித்து உடைந்து, மற்றது ஆட ஆட ஒருநாள் தானே விழுந்து, அப்புறம் மாட்டாமலே விட்டவர்கள் மறுபக்கம். விதி முதல் வகையைத் தடுக்கலாம். இரண்டாம் வகையைத் தடுப்பது ஒரு போல்ட்டும் ஒரு துளி கிரீஸும்.

சாலையைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்பது அடுத்த வாதம். வடசென்னைக்காரர்கள் இதைச் சொன்னால் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. துறைமுகத்தின் லாபம் எங்கோ போக, அதன் பாரம் மட்டும் இந்தச் சாலைகளில் விழுகிறது என்ற அவர்களின் ஆதங்கம் நியாயமானது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 198ஏ பிரிவு, சாலையைத் தரக்குறைவாக அமைத்துப் பராமரிப்பவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. அந்தப் பிரிவை எடுத்து வழக்காடுகிறவர்கள் இன்னும் பெருக வேண்டும். ஆனால் மூன்று லட்சம் உதறல் கணக்கில் சாலைக்குப் பங்கே இல்லை என்பதை மறக்கக்கூடாது. கண்ணாடி மாதிரி சாலை போட்டாலும் எஞ்சின் உதறும், உப்புக்காற்று அடிக்கும், வெயிலில் ரப்பர் காயும். சாலைக்காகக் காத்திருக்கும் காலமெல்லாம் காலரும் கிளிப்பும் இல்லாமல் ஓட்டுவது யாருக்கும் லாபமில்லை.

‘கேபிள் டை இருக்க, கம்பெனி கிளிப் எதற்கு’ என்பது மூன்றாவது. இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போது கவர் ஆடினால், கேபிள் டை ஒன்றைப் போட்டு இழுத்துக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். கழன்று விழுவதைவிடக் கட்டி நிற்பது மேல். ஆனால் கட்டுவதிலும் தரம் உண்டு. வெள்ளை நிற நைலான் டை வெயிலில் சில மாதத்தில் நொறுங்கிவிடும். கரி கலந்த கறுப்பு நிறம் வெயிலைத் தாங்கும். கட்டுக்கம்பி எதையும் தாங்கும், அதனால்தான் ஆபத்து: உதறலில் அது பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டே உள்ளே போகும், பக்கத்தில் போகும் ஒயரின் தோலையும் விடாது. முளை உடைந்த இடத்தில் எம்-சீல் அப்புவது பலருக்கும் கைவந்த வைத்தியம். கவரின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அது என்ன பிளாஸ்டிக் என்று எழுத்து வார்த்திருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் (பிரேக் ஏபிஎஸ் வேறு, இது வேறு) ஒட்டும், பிளாஸ்டிக் வெல்டிங்கும் பிடிக்கும். பிபி என்றிருந்தால், அதாவது பாலிபுரொப்பிலீன் என்றால், சாதாரணப் பசை எதுவும் அதில் நிற்காது. ஒட்டியதுபோல் இருந்து முதல் பள்ளத்தில் உரிந்துவிடும். நட்டு கழலாமலிருக்க மரையில் விடும் திரவப் பசையும் இதேபோலத்தான்: உலோகத்துக்கு உலோகம் மாட்டும் இடத்தில் அருமையான பொருள். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வழிந்தால் அதுவே விரிசல் உண்டாக்கும். ஸ்க்ரூவை இறுக்கும் பலம் பற்றியும் ஒரு வார்த்தை. கவர் ஸ்க்ரூவுக்கு இரண்டு விரலில் பிடித்துத் திருகும் பலம் போதும். ஏர் கன் வைத்து ‘டர்ர்’ என்று ஏற்றுகிற பட்டறையில் சைடு கவர் நிலைக்காது.

நான்காவது வாதம் கொஞ்சம் தீவிரமானது: இந்தப் பிளாஸ்டிக் எல்லாமே வேண்டாத அலங்காரம், கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டலாம். மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு காசிமேட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகளைப் பாருங்கள், கழல ஒன்றுமில்லை, நிம்மதியாக ஓடவில்லையா என்று கேட்கலாம். ஓடுகின்றன. ஆனால் அந்த வண்டி கவர் இல்லாமல் ஓடுவதற்கென்றே அமைக்கப்பட்டது. மற்ற வண்டிகளில் சைடு கவருக்குப் பின்னால் பேட்டரி, ஃப்யூஸ் பெட்டி, ஒயர் இணைப்புகள், சிலவற்றில் ஏர் ஃபில்டரின் வாயும் இருக்கும். கவரை எடுத்தால் மழையும் உப்பும் நிலக்கரித் தூளும் நேரே அங்கே போகும். ‘செல்ஃப் எடுக்கல’, ‘ஃப்யூஸ் போயிட்டே இருக்கு’, ‘மைலேஜ் குறைஞ்சிடுச்சு’ என்று பட்டறைக்கு வருகிற வண்டிகளில் எத்தனை கவர் இல்லாதவை என்று மெக்கானிக்குகளைக் கேட்டால் சொல்வார்கள். கவருக்கு மிச்சம் பிடித்த காசு வேறு கணக்கில் போய்விடுகிறது.

அப்படியானால் சட்டத்தைக் கடுமையாக்கி, ஆடும் கவருக்கெல்லாம் அபராதம் போடலாமா? வேண்டவே வேண்டாம். குறை இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரியக்கூடிய குறையோடோ வண்டியை ஓட்டி ஆபத்து உண்டாக்கினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் 1,500 ரூபாய் அபராதம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கையில் எடுத்தால் யார் பையிலிருந்து காசு போகும், எங்கே போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. சொந்த உபயோக மோட்டார் சைக்கிளுக்குப் பதிவு 15 ஆண்டுக்கு. லாரிக்கும் ஆட்டோவுக்கும் இருப்பதுபோல் இடையில் தகுதிச் சோதனை இல்லை. நடுவே அரசு அதைப் பார்ப்பது புகைச் சோதனையின்போது மட்டும்தான். அந்த இடத்திலேயே நட்டையும் பார்க்கச் சொல்லலாம் என்று ஒரு யோசனை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இன்னொரு சீட்டு, இன்னொரு ஐம்பது ரூபாய் என்று முடிந்துவிடும். ஒன்று மட்டும் சுவையாக இருக்கிறது. உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத பூட்டில் பொருத்த வேண்டும் என்று அரசு சட்டம் போட்டிருக்கிறது, 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கெல்லாம் அந்தப் பிளேட் கட்டாயம். பூட்டு பத்திரம். அந்தப் பூட்டு உட்கார்ந்திருக்கும் பின் மட்கார்டு பிளாஸ்டிக், அதன் இரண்டு போல்ட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்க ஆளில்லை.

மாற்றம் தொடங்க வேண்டிய இடம் வண்டிக் கம்பெனிகளின் பராமரிப்பு அட்டவணை. எத்தனை கிலோமீட்டருக்கு எஞ்சின் ஆயில், எப்போது ஏர் ஃபில்டர், எப்போது ஸ்பார்க் பிளக் என்று அதில் வரிசை வரிசையாக இருக்கும். நட்டு போல்ட்டுகளைச் சோதித்து இறுக்குவது என்ற ஒரு வரியும் பல வண்டிகளில் இருக்கிறது. ரப்பர் புஷ்ஷையும் காலரையும் கிளிப்பையும் இத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்ற வரியைச் சேர்க்க வேண்டும்; கடலோர ஊர்களுக்கு அந்தக் காலம் பாதியாக இருக்க வேண்டும். அட்டவணையில் இருந்தால் பில்லில் வரும், பில்லில் வந்தால் மெக்கானிக் மாற்றுவார். இப்போது நிலைமை தலைகீழ்: கவர் முழுசாக வாங்கலாம், அதைப் பிடிக்கும் ரப்பரைத் தனியாகக் கேட்டால் ‘ஆர்டர் போட்டு வரவழைக்கணும்’ என்கிறார்கள். புதுப்பேட்டையில் பழைய வண்டி உடைக்கும் கடையில் கிடைக்கும் கிளிப், கம்பெனி கவுன்ட்டரில் கிடைக்காமலிருப்பது அவமானம். ஒரு வண்டியின் உடம்புக்கு வேண்டிய ரப்பர், காலர், கிளிப், ஸ்க்ரூ அனைத்தையும் ஒரே பாக்கெட்டில் போட்டு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஸ்பேர்ஸ் கடைகளில் ஆணியில் தொங்கவிட்டால் ஒரு டீயும் பஜ்ஜியும் சாப்பிடுகிற காசைவிட அதிகம் ஆகாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்துத் தனி இணையதளமும் திறந்தது. வாகனத் துறையும் அதில் அடக்கம். உதிரிபாகம் கிடைக்கச் செய்வது என்ற பேச்சு அங்கே கிளிப் வரைக்கும் இறங்கி வர வேண்டும்.

கம்பெனிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கும்: வாடிக்கையாளர் அழகான, ஸ்க்ரூ தெரியாத வண்டியைத்தான் கேட்கிறார், நாங்கள் என்ன செய்ய? ஸ்க்ரூவை மறைப்பதில் தவறில்லை. மறைத்த இடத்தில் உடைந்துபோகிற முளையைக் கவரோடு ஒன்றாக வார்க்காமல், தனியாகக் கழற்றி மாற்றும்படி செய்யலாமே. முளை உடைந்தால் கவரையே மாற்று என்று இருப்பது உற்பத்திக்கு மிச்சம், ஓட்டுகிறவருக்குச் செலவு. ஒரே மாடல் வண்டியில் ஒரே கவர் பலருக்கும் விழுகிறதென்றால் அது ஓட்டுகிறவரின் கைக்குற்றமாக இருக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அதே 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, ஓட்டுகிறவருக்கோ சாலையில் போகிற மற்றவருக்கோ கேடு தரக்கூடிய குறையைக் குறிப்பிட்ட விகிதத்தில் உரிமையாளர்கள் தெரிவித்தால் அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் மட்டும் என்று அதில் எழுதியில்லை. கவர் விழுந்தால் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை, தெருமுனை மெக்கானிக்கிடம் போய்க் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். அதனால் குறை கட்டுக்கம்பிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

மணலியிலும் எண்ணூரிலும் இருக்கும் ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் இதில் பங்குண்டு. தலைக்கவசமும் பாதுகாப்பு ஷூவும் இல்லாமல் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி கேட்டுக்குள் நுழைய முடியாது. உள்ளே ஒரு பைப்பின் ஃபிளாஞ்ச் போல்ட் தளர்ந்திருந்தால் வேலை நிற்கும். அதே ஆள் எட்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து, ஒரு முளையில் தொங்கும் கவரோடு டிரெய்லர்களுக்கு நடுவில் வீட்டுக்குப் போகிறார். வாசலுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பல்ல என்று நிர்வாகம் சொல்லும். சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஆலைக்குள் ஸ்பேனர் பிடித்த ஃபிட்டர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஷிஃப்ட் மாறும் அரை மணி நேரம், வண்டி நிறுத்தத்தில் இரண்டு ஃபிட்டர்களையும் ஒரு பெட்டி ரப்பர் புஷ்ஷையும் நிறுத்துவது எந்த நிர்வாகத்துக்கும் பாரமில்லை. உணவும் பொட்டலமும் கொண்டுபோகும் டெலிவரி கம்பெனிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அவர்களுடைய ஆட்களின் வண்டி ஒரு நாளில் ஓடும் தூரம், சராசரி ஊழியரின் வண்டி ஓடுவதைவிட மிக அதிகம். சீருடைக்கும் பைக்கும் காசு பிடிக்கத் தெரிந்த கம்பெனிக்கு, ஒரு பாக்கெட் கிளிப்பைச் சும்மா கொடுக்கவும் தெரிய வேண்டும்.

மாதம் ஒருமுறை தொட்டுப் பார்க்க எங்கே நேரம் என்று வேலைக்கு ஓடுகிறவர் கேட்பது நியாயம்தான். பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும் நேரம் போதும். எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு சைடு கவர்களையும் உள்ளங்கையால் அழுத்தி அசைத்தால் எந்த மூலையில் பிடிப்பு விட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். முன் மட்கார்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். நம்பர் பிளேட்டை, சாரி கார்டை, செயின் கவரை அதேபோல. அசைந்தால் ரப்பரா ஸ்க்ரூவா என்று பார்த்து, ரப்பர் என்றால் ரப்பரை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், ‘டைட் வை’ என்று சொல்லக்கூடாது. கவரைக் கழற்றுகிற மெக்கானிக்கிடம் காலர் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டால், அடுத்த முறை அவரே அதைக் கழற்றியதும் ஒரு மூடியில் எடுத்து வைப்பார்.